டிவி அலமாரி செய்த மூன்று ஞாயிறுகள்

மகளும் மருமகனும் வாங்கி அனுப்பிய டிவி பழைய மேசையில் அடங்கவில்லை. அதன் இரண்டு கால்களும் மேசை விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றன. யாராவது பக்கத்தில் நடந்தாலே தையல்காரி ஓடிவந்து டிவியைப் பிடித்துக்கொள்வாள். அலமாரி வாங்கலாம் என்று நாலு கடை ஏறி இறங்கினாள். எல்லாம் மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகை. கொஞ்சம் தண்ணீர் பட்டால் உப்பிவிடும்.

"நானே செஞ்சுக்கிறேன்" என்று வெறுங்கையோடு வீடு திரும்பினாள்.

முப்பது வருடமாகத் துணி வெட்டித் தைக்கிறவள். அளவெடுக்கவும் வெட்டவும் தெரிந்தவளுக்குத் துணியானால் என்ன, மரமானால் என்ன என்பது அவள் வாதம். அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருந்தது. விஷயத்தை அவள் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"மரத்துக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"தைச்சுக் காட்டுறேன். நீங்க ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு கை பிடிங்க."

ஹாலில் காக்கித் தாளை விரித்து வரைந்தாள். மேலுக்கு ஒன்று, அடிக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, நடுவில் ஒரு தட்டு, இரண்டு கதவு. பின்பலகையில் ஒயர் போக ஒரு வட்டம். அதைப் பொத்தான் துளை என்றே எழுதி வைத்தாள். மரக்கடைக்காரர் அவள் கொடுத்த அளவுக்கு இம்மி பிசகாமல் அறுத்துக் கொடுத்தார்.

முதல் ஞாயிறு, கூட்டிப் பார்த்தபோது நடுத்தட்டு உள்ளே போக மறுத்தது. கணவர் டேப்பை வைத்து அளந்தார். அரை அங்குலம் கூடுதல். அடுத்த பலகையை அளந்தார். அதிலும் அரை அங்குலம். கதவு இரண்டிலும் அப்படியே.

"மரக்கடைக்காரர் மேல தப்பில்ல" என்றாள் அவள். "நான்தான் தையலுக்கு விட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள், மரத்தில் மடித்துத் தைக்க எதுவும் இல்லை என்று அவளுக்கே விளங்கிவிட்டது. அவர் பலகைமேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவளும் எவ்வளவு நேரம்தான் முகத்தை உம்மென்று வைத்திருப்பாள்? அன்றைய பொழுது முழுக்க ரம்பம் பிடித்து அரை அரை அங்குலமாக அறுப்பதிலேயே போயிற்று.

அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. ஒரு வருடமாக அவள் சொல்வது எதையும் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. எதைக் கேட்டாலும் ஒரு "ம்". சில சமயம் அதுவும் இல்லை. "உங்கப்பாவுக்கு நானும் ஒண்ணு, இந்தச் சுவரும் ஒண்ணு" என்று மகளிடம் போனில் குறைப்பட்டிருக்கிறாள். பிறகு குறைப்படுவதையும் விட்டாள். பேச வேண்டியதை மட்டும் பேசினாள், மற்றதை விழுங்கினாள்.

இரண்டாம் ஞாயிறு மேல்பலகையை ஏற்ற வேண்டியிருந்தது. ஐந்தரை அடி நீளம், நல்ல கனம். அவர் முன்பக்கத்தைக் கைகளில் ஏந்தி, அவளுக்கு முதுகைக் காட்டியபடி நடந்தார். அவள் பின்பக்கம். பாதி தூரத்தில் அவள் பிடி நழுவியது.

"நில்லுங்க" என்றாள். அவர் நடந்தார்.

"நில்லுங்கன்னு சொல்றேன்ல! இறக்குங்க! இறக்குங்க!"

அவர் இன்னும் இரண்டு எட்டு வைத்தார். பலகை அவள் கையிலிருந்து விடுபட்டு, தரையில் கிடந்த மரச்சட்டத்தோடு அவள் வலது கட்டை விரலைச் சேர்த்து நசுக்கியது. பாரம் மாறியதும்தான் அவர் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனார்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நாலு தடவை கத்தினேன்."

அவர் பார்வை அவள் கண்ணில் இல்லை, உதட்டில் இருந்தது. அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு அவர் தரையில் குனிந்து கதவுப் பலகையை உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினார். அவள் பின்னால் போய் நான்கடி தள்ளி நின்றாள்.

"அடுப்படியில தீப்பிடிச்சிருச்சு" என்றாள், சாதாரணக் குரலில்.

அவர் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியைக் கட்டிட்டேன். உங்களை விட்டுட்டுப் போறேன். இனிமே நீங்களே சமைச்சுத் தின்னுங்க."

அவர் தூளை ஊதிவிட்டு, விரலால் தடவிப் பார்த்து, மறுபடியும் தேய்த்தார்.

ஒரு வருடக் கோபம் அந்த இடத்திலேயே அவளிடமிருந்து வடிந்தது. அது போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. சுற்றிவந்து அவருக்கு எதிரே தரையில் அமர்ந்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"எப்படி?"

"காது."

உப்புத்தாளை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார்.

"இடது காது போய் ஒன்றரை வருஷம் இருக்கும். வலது காதும் இப்போ மந்தமாத்தான் இருக்கு."

"பஸ்ஸை எப்படி ஓட்டுறீங்க?"

"மணி அடிச்சா கேக்காது. கண்டக்டர் என் சீட்டுக் கம்பியில தட்டுவாரு, அதிர்வு தெரியும். இந்த விஷயம் அவருக்கு மட்டும்தான் தெரியும்."

"பின்னாடி ஆம்புலன்ஸ் வந்தா?"

"கண்ணாடியில பாத்துப்பேன்."

"சந்துலேர்ந்து ஒருத்தன் ஹாரன் அடிச்சுக்கிட்டு வந்தா? கண்ணாடியில தெரியாதே."

அவர் மடித்த உப்புத்தாளைப் பார்த்துக்கொண்டு மெதுவாக, "வண்டியை எடுத்துட்டா நான் அங்க என்ன பண்ணுவேன்? டீ வாங்கிட்டு வரச் சொல்வானுங்க" என்றார்.

"வாங்கிட்டு வாங்க. யார் மேலயாவது ஏத்திட்டு வர்றதுக்கு அது தேவலை. இந்த வாரத்துக்குள்ள டிப்போவுல நீங்களே சொல்லிடுங்க. இல்லைன்னா நான் வந்து சொல்லுவேன்."

"என் பொழப்புல மண்ணைப் போடப் பாக்கிறியா?"

"ஆமா" என்றாள்.

நான்கு நாள் அவர் அவளோடு பேசவில்லை. இந்த முறை வேண்டுமென்றே பேசாமல் இருந்தார். அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரிந்தது. தினமும் காலையில் அவர் சீருடை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது அவள் ஜன்னலருகே நின்று தெருமுனை வரை பார்த்தாள். தன் தையல் கடையில் நசுங்கிய விரலோடு ஊசி கோக்கவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. இரண்டு தடவை டிப்போ எண்ணை எடுத்து வைத்துவிட்டு அழைக்காமல் விட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியமே வந்துவிட்டார். சாவிக்கொத்தை வழக்கமான ஆணியில் மாட்டினார்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"திட்டினாங்க. கண்டக்டரை இழுக்கலை, நான் மறைச்சதுன்னே சொன்னேன். பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க."

அவள் தட்டு வைத்தாள். அவர் நன்றாகவே சாப்பிட்டார்.

மூன்றாம் ஞாயிறு அவள் ஒரு கையால் பிடிக்க, அவரே கீல்களைப் பொருத்தி, வார்னிஷும் அடித்தார். இப்போது அவள் முன்பக்கம் நின்று, உரக்கத்தான் எதையும் சொன்னாள். இடது கதவு மேல்பக்கம் ஒரு நூல் தூக்கலாக இருந்தது. பிரித்து மாட்டியும் சரிவரவில்லை. "கட்டிக்கிட்டாச்சு, இனி என்ன பண்றது" என்று அவர் அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவள் கையிலிருந்த துணியை அவர்மேல் எறிந்தாள்.

காது மருத்துவர் இரண்டு காதுக்கும் கருவி எழுதிக் கொடுத்தார். வண்டி ஓட்டக் கூடாது என்றும் எழுதினார். டிப்போவில் பேருந்துகள் வந்துபோகும் நேரத்தைக் குறித்துவைக்கும் வேலையும் அதற்கொரு நாற்காலியும் அவருக்குக் கிடைத்தன. முதல் வாரம் அந்த நாற்காலியையும் அதில் உட்காருகிறவனையும் சேர்த்துத் திட்டினார். இரண்டாவது வாரம், எந்த ஓட்டுநர் பிரேக்கைப் போட்டு உடைக்கிறான் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினார்.

கருவி மாட்டிய முதல் மாலை ரிமோட்டை எடுத்தவர் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார். பிறகு அலமாரிக் கதவைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார்.

"இது என்ன, கீச்சுனு ஒரு சத்தம்?"

"எது?"

"இந்தக் கதவு. கேக்கலையா உனக்கு?"

தையல்காரி அடுப்படி வாசலில் நின்று காதைத் தீட்டிக் கேட்டாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் அவளுடைய தையல் மெஷின் எண்ணெயை எடுத்துக்கொண்டு கீலுக்கு முன்னால் மண்டி போட்டார்.

"சாப்பிட வாங்க!" என்று அவள் பழக்கதோஷத்தில் தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள். அவர் துள்ளி விழுந்தார். பாதி எண்ணெய் தரையில்.

"எதுக்குக் கத்துற? பக்கத்துலதானே இருக்கேன்."

அவள் குரல் பழைய அளவுக்கு இறங்க ஒரு மாதம் பிடித்தது. அதுவரை கடைக்கு வந்த பெண்களுக்கெல்லாம் அவள் எதற்குக் கோபமாக இருக்கிறாள் என்று புரியவில்லை.