பெரிய மாப்பிள்ளை கொடுத்த பிரேக்

வஞ்சிர மீனின் நடுத்துண்டு சின்ன மாப்பிள்ளையின் இலையில் விழுந்தது.

முத்தையன் பார்த்துக்கொண்டே இருந்தான். கல்யாணமான நாளிலிருந்து சுரக்குடி மாமனார் வீட்டில் நடுத்துண்டு அவனுக்குத்தான். இந்தக் காணும் பொங்கலன்று மாமியார் ராஜத்தின் கரண்டி அவன் இலையைத் தாண்டிப் போய், மச்சினி நிலாவைப் புதிதாகக் கட்டியிருக்கும் மாறனின் இலையில் இறங்கியது. முத்தையனுக்கு வந்தது வால் துண்டு.

"சின்ன மாப்ள ராத்திரி பகலா அந்த வண்டியோட மல்லுக்கட்டுறாரு. தெம்பு வேணும்ல?" என்றாள் ராஜம்.

"தலைப் பொங்கலுக்கு வந்த மனுஷன் ஒரு எடத்துல உக்காந்தாரா பாரும்மா" என்று அல்லி ஒத்து ஊதினாள். அல்லி, அவனுடைய சொந்த மனைவி! முத்தையன் முள் எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டான்.

அந்த வண்டி டிராக்டர் கொட்டகையில் நின்றது. கோ-கார்ட் என்றான் மாறன். பழைய இரும்புக் கட்டிலை அறுத்து ஒட்டிய சட்டம், நாலு குட்டிச் சக்கரம், காலை வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்தால் தரைக்கும் ஆளுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எஞ்சின்தான் முத்தையனின் வயிற்றில் நெருப்பை அள்ளிப் போட்டது. மாமனார் சிவசுப்பிரமணியனின் பழைய மொபெட் எஞ்சின் அது. "செத்துப்போச்சு மாமா, இரும்புக் கடையில போட்டுடுங்க" என்று போன வருஷம் தீர்ப்புச் சொன்னவன் முத்தையன். கோவில்பத்தில் டூவீலர் உதிரி பாகக் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மாமனாரும் அதை மூலையில் சாத்திவிட்டார். சென்னைப் பக்கம் ஏதோ கார் கம்பெனியில் இருக்கிற மாறன் வந்தான், கழற்றினான், துடைத்தான், உதைத்தான். உறுமியது!

மாமனார் வயலிலிருந்து ஓடி வந்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாராம். முன்னாலேயே பிறந்தகம் வந்துவிட்ட அல்லி அதைப் போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

போகியன்று மாறனே கூப்பிட்டான். "அண்ணே, எல்லாம் ரெடி. பிரேக் ஷூ மட்டும் ஒரு செட் வேணும். நீங்க குடுத்தாதான் நம்பி மாட்டுவேன்."

அலமாரியில் புதுப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. முத்தையனின் கை அங்கே போகவில்லை. கீழே கிடந்த கழிசல் டப்பாவுக்குப் போனது. யாரோ ஒரு பால்காரர் வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட ஷூ, சக்கரத்தை உள்ளிருந்து அழுத்தி நிறுத்த வேண்டிய அந்தப் பட்டை, எண்ணெய் குடித்துக் கறுத்துக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்தால் மேலே வெளுக்கும். அழுத்திப் பிடித்துச் சூடேறினால் உள்ளே இருக்கும் எண்ணெய் கசியும், வழுக்கும். தேய்த்தான். பளிச்சென்று ஆனதும் காலிப் பெட்டி ஒன்றில் போட்டு, வாயை ஒட்டி, சுரக்குடி வழியாகப் போகும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான்.

யாரையும் கொல்வதற்கு இல்லை. அந்த அளவுக்குப் போகிற ஆளில்லை அவன். களத்தில் ஓட்டுவார்கள், வண்டி நிற்காமல் வைக்கோல் போரில் முட்டும், சின்ன மாப்பிள்ளை வைக்கோலும் தலையுமாக எழுந்து வருவார், ஊர் சிரிக்கும். அவன் போட்ட திட்டம் அவ்வளவே.

சாப்பாடு முடிந்து எல்லோரும் களத்துக்கு வந்தார்கள். மாறன் ஏறி உட்கார்ந்து கிளப்பினான். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. போரை நோக்கி நேராக வந்தான். முத்தையன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

வண்டி சொன்ன பேச்சுக் கேட்டு நின்றது.

"பிரேக் பிரமாதம் அண்ணே! உங்க கடைச் சரக்குன்னா சும்மாவா?"

முத்தையனுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விஷயம் பிடிபட்டது. இந்தப் பக்கத்துத் தரை தாம்பாளம் மாதிரி சமம். ஆக்சிலரேட்டரை விட்டதுமே வண்டி தானாக ஓய்ந்துவிடுகிறது. பிரேக்குக்கு வேலையே வரவில்லை. மேடும் இறக்கமும் பார்க்காத ஊரில் பிரேக்கைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

"களத்துலயே சுத்துனா எவனுக்குத் தெரியும்?" என்று மாமனார் மீசையைத் தடவினார். "பாலத்துக்கு ஓட்டுங்க மாப்ள. ஊரு பாக்கட்டும்."

பாலம்!

ஆற்றின் மேல் புதிதாகக் கட்டிய உயரமான பாலம். சுற்றுவட்டாரத்தில் இறக்கம் என்று ஒன்று இருந்தால் அங்கேதான். முத்தையன் வாயைத் திறந்தான். மாறனின் கழுத்தில் மாமனார் போட்ட புதுச் சங்கிலி வெயிலில் மின்னியது. வாயை மூடிக்கொண்டான். விழட்டும். முட்டி சிராய்த்துக்கொள்ளட்டும்.

"தம்பி, எறங்குங்க. நான் ஒரு ரவுண்டு போறேன்" என்று அல்லி புடவையை இழுத்துச் செருகினாள். "டெய்லி ஆபீசுக்கு ஸ்கூட்டி ஓட்டுறேன், இத ஓட்ட மாட்டேனா?"

"நீ வேணாம் அல்லி!"

"ஏன்?"

"விழுந்து கிழுந்து வெச்சா…"

"பொறாமைடி உன் வீட்டுக்காரருக்கு. ஒனக்கு முன்னாடி அவரு ஓட்டணுமாம்" என்று ராஜம் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"அட, பயப்படாதீங்கண்ணே. பிரேக்கு யாரு குடுத்தது? நீங்க!" என்றான் மாறன்.

இப்போது சொல்லிவிடலாம். ஒரு வரி போதும். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பிறகு இந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. அவன் யோசித்து முடிப்பதற்குள் அல்லி களத்தைத் தாண்டி ரோட்டில் ஏறிவிட்டாள். முத்தையன் பாய்ந்து தன் பைக்கை உதைத்தான்.

பாலத்தின் ஏற்றத்தில் கோ-கார்ட் முக்கி முனகி ஏறியது. உச்சியில் அவன் எட்டிப் பிடித்துவிட்டான். எதிரே கீழே பார்த்தான். இறக்கம் முடிகிற இடத்தில் ரோடு சட்டென்று திரும்புகிறது, திருப்பத்துக்கு அப்பால் வளைந்து வரும் அதே ஆறு. திருப்பத்துக்கு முன்னால் பாதி ரோட்டை அடைத்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஊர்க்காரி சொர்ணாம்பாள் முதல் அறுப்பு நெல்லைக் காலால் துழாவிவிட்டு, ஓரத்தில் மீதியை இடுப்பளவு குவித்து வைத்திருந்தாள்.

"அல்லி! பிரேக்க நம்பாத!"

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். வண்டி இறங்க ஆரம்பித்தது. வேகம் பிடித்தது. அவள் காலை அழுத்தினாள். முதலில் கொஞ்சம் பிடித்தது. பிறகு அந்தக் கொஞ்சமும் போய்விட்டது. சிரிப்பு அணைந்தது.

"நிக்க மாட்டேங்குதுங்க!"

"குவியல்ல விடு! நெல்லுக் குவியல்ல விடு!"

சொர்ணாம்பாள் "அடி ஆத்தீ!" என்று துள்ளி விலகினாள். பரப்பிய நெல்லில் சக்கரம் வழுக்கி வண்டி அரைவட்டம் அடித்தது. அல்லி உயிரைக் கொடுத்து ஸ்டியரிங்கை ஒடித்தாள். குவியலுக்குள் மூக்கைச் செருகி நின்றது கோ-கார்ட். மழை மாதிரி நெல் கொட்டியது.

முத்தையன் பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். அல்லியின் மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது. மற்றபடி உயிரும் உடம்பும் முழுசாக இருந்தன.

பின்னாலேயே குடும்பம் வந்து சேர்ந்தது. ராஜம் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சிவசுப்பிரமணியன் முதல் முறையாகச் சின்ன மாப்பிள்ளையை முறைத்தார். "பெரிய மாப்ள அப்பவே வேணாம்னாரு. அனுபவஸ்தரு. நாமதான் கேக்கல."

"அவரு மட்டும் வண்டிய எடுத்துட்டு வரலேன்னா என் பொண்ணு ஆத்துலதான்" என்றாள் ராஜம்.

முத்தையனின் நெஞ்சில் தேன் வடிந்தது. எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு பார்வை தன் மேல் விழுந்து! மாறன் தலை குனிந்து பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அல்லி மட்டும் அழவில்லை. நெல்லை உதறிக்கொண்டே மெல்லக் கேட்டாள். "நான் பிரேக்க மிதிக்கவே இல்ல. அதுக்குள்ள அத நம்பாதன்னு கத்துனீங்க. ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

அதற்குள் மாறன் ஷூவைக் கையில் எடுத்துவிட்டான். கட்டைவிரலால் தடவினான். விரலில் எண்ணெய் பளபளத்தது. அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் எண்ணெய்க்கு வழியே கிடையாது. நிமிர்ந்து முத்தையனைப் பார்த்தான். ஒரே பார்வை. எல்லாம் தெரிந்த பார்வை.

பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "என் தப்புதான் மாமா. நான் மாட்டுனதுதான் சரியில்ல. அண்ணி, மன்னிச்சிருங்க."

"பரவால்ல விடுங்க மாப்ள. ஒத்துக்கிறதுக்கும் ஒரு மனசு வேணும்" என்று மாமனாரின் குரல் இளகியது. ராஜம்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பரிவோடு பார்த்தாள்.

முத்தையனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பெருமையும் இவனுக்கா? தப்பு செய்தவன் நான். அதற்கும் நல்ல பெயர் வாங்குகிறவன் இவனா?

"இல்ல!" என்று கத்தினான். "அவன் ஒண்ணும் செய்யல. நான்தான். கழிச்சுப் போட்ட ஷூவ தேய்ச்சு அனுப்புனேன். தெரிஞ்சேதான் அனுப்புனேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

மாமனார் வேட்டியைத் தழைத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். ராஜம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அல்லி நல்ல கையை நீட்டினாள்.

"பைக் சாவி."

கொடுத்தான்.

"நிலா, வா, நீ ஓட்டு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்." ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "நீங்க வீட்டுக்கு வர்றதப் பத்தி நான் சொல்லி அனுப்புறேன்."

பைக் பாலத்தில் ஏறி மறைந்தது. மாமனாரும் மாமியாரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

"யாரு குடுத்தா எனக்கென்ன, யாரு மாட்டுனா எனக்கென்ன?" சொர்ணாம்பாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "ரோடு பூரா செதறிக் கெடக்கே, இத யாரு கூட்டறது?"

முத்தையன் விளக்குமாற்றை வாங்கிக் குனிந்தான். ரோட்டோரப் புல்லுக்குள் போன மணிகளைத் தள்ளித் தள்ளிச் சேர்த்தான். சற்று நேரத்தில் பக்கத்தில் இன்னொரு விளக்குமாறு சரசரத்தது. மாறன்.

"நீ போ. நான் பாத்துக்குறேன்."

"இருக்கட்டும்ண்ணே. ரெண்டு பேருன்னா சட்டுன்னு முடியும்."

"பாத்தியா, இந்தத் தம்பி கை எம்புட்டு சுத்தம்!" என்றாள் சொர்ணாம்பாள்.

முத்தையன் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாகக் கூட்டினான்.