எடுத்த ஒடுக்கை எங்கே வைப்பது?

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பந்தயக் கார்களைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. சொந்தக் காரையே ஒழுங்காகப் பின்னால் எடுக்கத் தெரியாமல் வாசல் தூணில் இடித்து, ஒடுக்கு எடுப்பதற்காக ஒரு டிங்கரிங் பட்டறைக்குப் போனேன். அங்கே டிங்கர் கையில் சுத்தியலோடு, வழவழவென்றிருந்த ஒரு பழைய சிவப்புப் பந்தயக் காரின் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தார். கதை அப்படித்தான் கிடைத்தது. என் கார் இன்னும் அங்கேயே கிடக்கிறது.

தொடக்கம் மட்டும் அமையவில்லை.

"அந்தச் சிவப்புக் கார் பாயக் காத்திருக்கும் சிறுத்தையைப் போல" (வேண்டாம். எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் காரைக் கண்டாலே சிறுத்தைதான் வருகிறது.)

"வேகம் என்பது மனிதனின் ஆதித் தாகம். அவன் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாள்முதலாக" (எழுதும்போதே எனக்குத் தாகமெடுத்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.)

"டிங்கர் அழுதார்." இது பரவாயில்லை. இருக்கட்டும்.

2

டிங்கர் அழுதார். பழைய பந்தயக் கார்களைப் பழையபடி ஆக்கித் தருவதுதான் அவர் தொழில். அலுமினியத் தகட்டை மர அச்சின் மேல் போட்டு, கையாலேயே தட்டித் தட்டி உடம்பு செய்த காலத்துக் கார்கள் அவை.*

இந்தச் சிவப்புக் காருக்குச் சொந்தக்காரர், எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. இளவயதில் அவரே பந்தயத்தில் ஓட்டிய கார். அப்போது இன்னொரு காரில் ஒருவர் போட்டிக்கு வந்தார். ஒரு வளைவில் அந்த அம்மாவின் வாலும் அவருடைய மூக்கும் மோதிக்கொண்டன. அவர் கார் அங்கேயே படுத்துவிட, அந்த அம்மாதான் அவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். வழியெல்லாம் "நீதான் இடிச்ச", "நீதான் இடிச்ச" என்று சண்டை. சண்டை முடியவில்லை; அதனால் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

கணவர் கட்சி: வளைவைத் தவறவிட்ட அம்மா ரிவர்ஸ் எடுத்து, சும்மா நின்றவர்மேல் வந்து மோதினார். அம்மா கட்சி: நேரத்துக்குப் பிரேக் பிடிக்கத் தெரியாமல் அவர்தான் பின்னால் வந்து இடித்தார். சாட்சி, காரின் வாலில் விழுந்த ஒடுக்கு.

டிங்கர் எனக்கு விளக்கினார். "பிரேக் அடிச்சுக்கிட்டே வந்தா வண்டி மூக்கு குனியும் சார், ஒடுக்கு கீழ விழும். நின்ன வண்டில போய் மோதினா மேல விழும்."

"இதுல எங்க இருந்துச்சு?"

"ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ."

ஆக, இருவரும் ஒரே ஒடுக்கைக் காட்டித்தான் இத்தனை காலமும் சண்டை போட்டிருக்கிறார்கள்.

* அந்தக் காலத்தில் இந்த வகைக் கார்களில் இரண்டு பேர் உட்கார இடம் இருக்க வேண்டும் என்பது விதி. பந்தயத்தில் ஓட்டுவதோ ஒருவர்தான். பக்கத்து இருக்கையில் காற்று உட்கார்ந்து வரும். விதியென்றால் விதி.

3

காரைப் பட்டறையில் விட வந்தவர் கணவர். (இவர்மேல் எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் சாட்சியை அழிக்கத் திட்டம் போடும் தந்திரக்காரராக எழுதினேன். பிறகு நேரில் பார்த்தேன். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டிருந்தார். திட்டம் போடுகிற ஆள் இல்லை.) அவர் சொன்னது இவ்வளவுதான்:

"அன்னைக்குப் பந்தயம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ, அப்படியே ஆக்கிக் குடுங்க."

டிங்கர் சொன்ன சொல்லைத் தட்டாதவர். பந்தயத்துக்கு முன்னால் ஒடுக்கு ஏது? எடுத்துவிட்டார். தடவிப் பார்த்தாலும் இருந்த இடம் தெரியாத அளவுக்கு அற்புதமாக எடுத்துவிட்டார். வேலைக்கு முன் படம் எடுத்துவைப்பது அவர் வழக்கம்தான். பட்டறைப் பெயின்டரை விட்டு எடுக்கச் சொல்லி, வாலுக்கு முன்னால் தானே சிரித்தபடி நின்றுகொண்டார். படத்தில் ஒடுக்கு இருந்த இடத்தில் அவருடைய தொப்பை இருக்கிறது.

(இதை எழுதியதும் டிங்கரிடமிருந்து போன் வந்தது. "சார், தொப்பைன்னா எழுதியிருக்கீங்க?" "படத்துல இருக்கே." "அது மூச்சை இழுத்து நின்னப்போ எடுத்தது சார்." மூச்சை இழுத்தும் மறைத்தது என்று திருத்திக்கொள்ளவும்.)

4

காரை எடுக்க இருவரும் வந்தார்கள். அம்மா நேராகப் பின்னால் போய்க் குனிந்தார்.

"எங்க?"

"எடுத்துட்டேம்மா!" டிங்கருக்குப் பூரிப்பு.

அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். பட்டறையே அதிரப்போகிறது என்று பெயின்டர் காதைப் பொத்திக்கொண்டார். ஆனால் கணவர், "சரி விடு, நான்தான் இடிச்சேன்னு வெச்சுக்கோ" என்றார். அம்மாவோ, "இல்லங்க, நானாத்தான் இருக்கும்" என்றார். இருவரும் காரை அங்கேயே விட்டுவிட்டு, மரியாதையாக வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு அம்மா போன் செய்தார். "தம்பி, அவர் எது சொன்னாலும் சரின்னு தலையாட்டறார். பயமா இருக்கு. அவர் சொன்ன மாதிரி மேலயே ஒரு ஒடுக்குப் போட்டுடுங்க."

கணவரும் தனியாகப் போன் செய்தார். "வீட்டுல டிவி மட்டும்தான் பேசுது. அவ சொன்ன மாதிரி கீழயே போட்டுடுங்க."

அப்படித்தான் டிங்கர் சுத்தியலோடு நின்றார். "எடுத்தே பழகின கை சார். போடச் சொன்னா எழும்ப மாட்டேங்குது. ஒரு குடும்பத்தைப் பிரிச்சுட்டேன் போல இருக்கு." பாவமாக இருந்தது. நான் போடுகிறேன் என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். எனக்கு அதில் அனுபவம் உண்டு.

5

முடிவு அ: கீழே அடிக்கிறார். அம்மா ஜெயிக்கிறார். (மறுநாள் காலை என்ன பேசுவார்?)

முடிவு ஆ: மேலே அடிக்கிறார். (அதே கேள்வி.)

முடிவு இ: இரண்டு இடத்திலும் அடிக்கிறார். (அது பந்தயக் காரா, பல்லாங்குழியா?)

உண்மையில் நடந்தது இது. டிங்கர் இருவரையும் வரவழைத்து, "நீங்களே அடிச்சுக்குங்க" என்று சுத்தியலை நீட்டினார். அம்மா வாங்கினார். மேலே குறி பார்த்து ஓங்கினார்.

"அங்க இல்ல. கீழ" என்றார் கணவர்.

"உங்களுக்காகத்தான் மேல அடிக்கறேன்."

"எனக்காக ஒண்ணும் வேணாம். நான்தான் இடிச்சேன்."

"நான் ரிவர்ஸ் எடுத்தது எனக்குத் தெரியாதா?"

"அப்ப இத்தனை வருஷமா தெரிஞ்சுக்கிட்டேதான்..."

"நீ மட்டும் தெரியாமயா சொன்ன?" அம்மா பழைய 'நீ'க்கே திரும்பிவிட்டார்.

"நான்தான் இடிச்சேன்!"

"பிரேக்கே பிடிக்கத் தெரியாத ஆளு, இடிச்சாராம்! நான்தான்யா இடிச்சேன்!"

அம்மாவின் முகம் சிவந்து, கண் பளபளத்தது. கணவர் பத்து வயது குறைந்தவர்போல எகிறிக்கொண்டிருந்தார். டிங்கர் சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

6

சுத்தியல் இன்னும் ஓங்கியபடியே இருக்கிறது. அதை இறக்க எனக்கு மனம் வரவில்லை. முடிவு வேண்டும் என்கிறவர்கள் அந்த அம்மா கையிலிருந்து சுத்தியலை வாங்கி நீங்களே அடித்துக்கொள்ளலாம். எந்த இடத்தில் என்று சந்தேகம் வந்தால், தயவுசெய்து அவர்கள் இருவரிடமும் ஒரே நேரத்தில் கேளுங்கள்.