என் தொப்பியும் சைலஸின் வெற்றுத் தாளும்

ஹாக்ஸ்டன் நெப்டியூன் பாட்டுக் கொட்டகையில் திங்கட்கிழமை காலை ஒத்திகைக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. பாட வந்தவர்கள் இசைத்தாளை மேடை விளிம்பில் வரிசையாக வைக்க வேண்டும். ஒரே பாட்டை இரண்டு பேர் கொண்டுவந்தால், முன்னால் இருக்கும் தாளுக்கே பாட்டு. மற்றவர் அந்த வாரம் அதைத் தொடக்கூடாது.

அன்று முதல் தாள் சைலஸ் டப்பருடையது. மீன் சந்தையில் கூடை சுமக்கிறவன். மாலையில் ஒரே ஒரு தடவை மேடையேறிச் சிரிக்க வைத்தால் கொட்டகையில் வேலை, இல்லாவிட்டால் திரும்பவும் மீன்கூடை.

பாடகியான எனக்கோ அன்று இன்னொரு கொட்டகையிலும் ஒத்திகை.

"ஏங்க, கொஞ்சம் வழி விடுறீங்களா? அவசரம்."

"அதுக்கென்னங்க, தாராளமா!" என்று தாளை எடுத்துக்கொண்டு ஒதுங்கினான். நான் என்னுடையதை வைத்தேன். அடுத்த நொடி என் தாளுக்குப் பக்கத்தில் பெர்சி வான்ஸ்டெட் தன்னுடையதை வைத்துவிட்டார். பெரிய நட்சத்திரம். தாளில் இருந்ததோ சைலஸ் சொந்தமாக எழுதிய கிளிப்பாட்டு. மதுக்கடையில் அவன் பாடிப் பார்த்தபோது ஒட்டுக்கேட்டிருக்க வேண்டும்.

"மாஸ்டர், அது என் பாட்டு!" என்றான் சைலஸ்.

பேண்டு மாஸ்டர் தாள் வரிசையைப் பார்த்தார். "அவரு தாள்தானே தம்பி முன்னாடி இருக்கு. நான் என்ன பண்ண?"

"கையில வச்சிருந்தா ஆச்சா கண்ணு? கீழ வைக்கணும்" என்றார் பெர்சி.

நான் வாய் திறந்திருக்கலாம். பெர்சியைப் பகைத்துக்கொள்ளப் பயந்து அடுத்த ஒத்திகைக்குப் போய்விட்டேன். நாள் முழுக்க என் மேலேயே எனக்கு வெறுப்பு.

மாலையில் சைலஸ் மேடைக்கு வந்தான். பேண்டு வாசிக்கவில்லை. மேல்மாடியிலிருந்து, "பாட்டு எங்கடா?" என்று கத்தல். ஆரஞ்சுத் தோல் ஒன்று பறந்து வந்தது. அவன் எடுத்து முகர்ந்தான்.

"நன்றிங்க. காலையிலேருந்து பட்டினி."

யாரோ சிரித்தார்கள்.

"பாட்டா? அது எனக்குப் பின்னாடி வருது. இன்னொருத்தர் கூட்டிட்டு வர்றாரு. குளிப்பாட்டித் தலை சீவியிருப்பாரு, எனக்கே அடையாளம் தெரியாது."

பிறகு காலையில் நடந்ததை அப்படியே நடித்துக் காட்டினான். என் இறகுத் தொப்பி, என் ஓட்டநடை, என் "அவசரம்", எல்லாம். கொட்டகை அதிர்ந்தது. திரைக்குப் பின்னால் நானும் சிரித்துச் சிரித்து அழுதேன்.

பெர்சி வந்து முதல் வரியைப் பாடினாரோ இல்லையோ, மேல்மாடியிலிருந்து ஒரு குரல்: "சைலசு, ஓடியா! உன் புள்ள வந்திருச்சு!" இரண்டாவது வரி யாருக்கும் கேட்கவில்லை.

சைலஸுக்கு வேலை கிடைத்தது. அடுத்த திங்கள் வரிசையில் அவன் எனக்கு முன்னால் நின்றான்.

"இன்னிக்கும் அவசரமா?"

"இல்ல. உங்களுக்குப் பின்னாடிதான்" என்று சொல்லித் தொப்பியைக் கழற்றி நீட்டினேன். "இது இல்லாம நடிச்சா எடுபடாது. அன்னிக்கு நான் பேசியிருக்கணும். மன்னிச்சுக்குங்க."

அவன் அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு தாளைக் கீழே வைத்தான். பேண்டு மாஸ்டர் தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமே எழுதலையேய்யா! எதை வாசிக்க?"

"சிரிச்சாங்கன்னா சும்மா இருங்க மாஸ்டர். சிரிக்கலைன்னா பலமா ஏதாவது வாசிங்க, நான் ஓடிடுறேன்."

முப்பது வருஷம் அந்த வெற்றுத் தாளைத்தான் வைத்தான். இரண்டே தடவை வாசித்தார்கள். இரண்டு தடவையும் ஓடினான். தொப்பியை மட்டும் திருப்பித் தரவேயில்லை. அதற்காகவே அவனைக் கல்யாணம் கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.