மூன்றாம் பிறை மாத்திரை

படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்றுதான் நிவேதா மாத்திரை போடும் வேளையைச் சொல்லும் அந்த அட்டையைப் படங்களாலேயே வரைந்தாள். சுகாதார அமைப்புக்கு அவள் செய்த முதல் வேலை அது. காலைக்கு மஞ்சள் சூரியன். இரவுக்குக் கருநீலத்தில் வெள்ளைப் பிறை. நிறங்கள் அப்படி எதிரெதிராக இருந்தால்தான் மங்கிய கண்ணுக்கும் பளிச்சென்று தெரியும்.

ஆனால் பழவேற்காட்டில் மீன் விற்கும் திரௌபதிக்கு ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. கூடையைத் தூக்கினாலே கண் இருட்டியது. விசாரிக்க வந்த நிவேதா பார்த்தபோது ஒன்றைத் தவிர இரவு மாத்திரைகள் அப்படியே இருந்தன.

"ராத்திரி மாத்திரை ஏன்க்கா போடல?"

"போட்டேனே! மூணாம்பிறை அன்னிக்கு ஒண்ணு. இனிமே அடுத்த மாசந்தான். நீதானம்மா அப்டி வரைஞ்சிக்கீற?"

நிவேதா அட்டையிலிருந்த பிறையை மறுபடி பார்த்தாள். நிலவைப் பார்த்து நீரோட்டம் கணிக்கும் ஊர் இது. இங்கே பிறை இரவைக் குறிக்காது. மாதத்தில் ஒரு நாளைக் குறிக்கும்.

"அப்போ ராத்திரிக்கு என்னக்கா வரையட்டும்?"

"சோத்துத் தட்ட வரை. அது தேயாது, வளராது. நாங்க சோறாக்கித் துன்றது ராத்திரிலதான்."

ஏரியும் வானமும் ஒரே வெள்ளியாய்க் கலந்து, தூரத்துப் படகுகள் காற்றில் மிதப்பதுபோல் தெரிந்தன. நிவேதா கரையில் உட்கார்ந்து, தடித்த கோட்டில் தட்டையும் மீனையும் வரைந்தாள்.

"இன்னா மீனும்மா இது, முள்ளே இல்ல?"

இருட்டியதும் திரௌபதி சாப்பிட்டுக் கைகழுவி, தானாகவே ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கினாள். நிவேதா நிம்மதியாக மீனுக்கு முள் வரையத் தொடங்கினாள்.