இரண்டாவது நிமிஷம்

நர்சிங் சேர்ந்த மறுநாளே கையில் ஊசியைக் கொடுத்துவிடுவார்கள் என்று ஹாஃபிஸா நினைத்திருந்தாள். கொடுத்தது படுக்கை விரிப்பை. விரிப்பின் மூலையைக் கடித உறை மாதிரி மடித்து மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். ஒரு சுருக்கம் தெரிந்தாலும் தங்கமணி மேடம் மொத்தத்தையும் உருவிப் போட்டுவிட்டு, "மறுபடி" என்பார். அப்புறம் கை கழுவக் கற்றுக்கொடுத்தார்கள், பிறந்ததிலிருந்து கழுவிக்கொண்டிருக்கிற கையை. படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைப்பது, பல் தேய்த்துவிடுவது, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்வது என்று முதல் வருஷம் இப்படியே போனது.

"பி.எஸ்சி.ன்னு பேரச் சொல்லி ஆயா வேலை கத்துக்குடுக்குறாங்கடி" என்று முனகுவாள் பூர்ணிமா. ஹாஸ்டலில் ஹாஃபிஸாவின் அறைத்தோழி, ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்.

அவர்கள் கல்லூரி தஞ்சாவூருக்கு வெளியே, சில வருஷம் முன்புவரை குறுவை நெல் விளைந்த நிலத்தில் இருந்தது. அந்தச் சாலையில் அப்போது வயல்களுக்கு நடுவே புதிது புதிதாகக் கல்லூரிகள் எழும்பிக்கொண்டிருந்தன. எல்லா விளம்பரப் பலகையிலும் ஒரு வெள்ளைத் தொப்பிப் பெண் சிரிப்பாள், அவளுக்குப் பின்னால் ஒரு விமானம் பறக்கும். படிப்பதே பறப்பதற்குத்தான் என்று ஊரே முடிவு கட்டியிருந்த காலம். சவுதி, குவைத், இங்கிலீஷ் கொஞ்சம் நன்றாக வந்தால் லண்டன்.

முதல் வருஷத்தில்தான் மூச்சை எண்ணுகிற பாடமும் வந்தது. தங்கமணி மேடம் ஒரு மாணவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நாடியை எண்ணி முடிச்சதும் கைய விட்டுடாதீங்க. அப்படியே புடிச்சிருங்க. இன்னும் நாடிதான் பாக்குறோம்ங்கிற மாதிரி முகத்த வச்சிக்கிட்டு, நெஞ்சு ஏறி எறங்குறத எண்ணுங்க. மூச்ச எண்ணப் போறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. தன் மூச்சு மேல தனக்கே கவனம் வந்துட்டா அது தன் போக்குல ஓடாது. முதல் நிமிஷம் நாடிக்கு, ரெண்டாவது நிமிஷம் மூச்சுக்கு. புரிஞ்சுதா?"

புரிந்தது. புரிவதற்கு அதில் என்ன இருக்கிறது? ஆனால் இரண்டாம் வருஷம் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனபோது பாடம் வேறாக இருந்தது. சாயங்கால ரவுண்டுக்கு முன்னால் வார்டு முழுக்கப் பார்த்து அட்டையில் குறித்தாக வேண்டும். கட்டிலுக்குக் கட்டில் நின்று ஒவ்வொருவர் நெஞ்சையும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். சீனியர் அக்காமார்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர், நாடிக்குக் கை, மூச்சுக்கு எண்ணாமலே இருபது. எல்லோருக்கும் இருபது. நேற்று ஆபரேஷன் ஆனவருக்கும் இருபது, இளைப்புக்காரருக்கும் இருபது.

"இருபதுன்னா என்ன அர்த்தம் தெரியுமா? ஆள் இன்னும் இருக்காருன்னு அர்த்தம்" என்பாள் பூர்ணிமா. வார்டே சிரிக்கும். ஹாஃபிஸா தொடக்கத்தில் சில நாள் ஒழுங்காக எண்ணித்தான் பார்த்தாள். வேலை முடியாமல் தனியாக நின்றதுதான் மிச்சம். அப்புறம் அவளும் இருபதுக்கு மாறினாள். மூன்றாம் வருஷத்தில், புதிதாக வார்டுக்கு வந்த ஆஷிகா நின்று நிதானமாக எண்ணியபோது, "இதெல்லாம் எண்ணிக்கிட்டு இருந்தா மெஸ்ஸுல சோறு தீந்துடும், இருபதுன்னு போடு" என்று சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

ஹாஃபிஸாவுக்குச் சொந்த ஊர் கூத்தாநல்லூர். அவள் தொட்டிலில் கிடந்தபோதே அத்தா காதர் மைதீன் சவுதிக்குப் போய்விட்டார். தமாமில் மார்பிள் அறுக்கிற பட்டறையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். லீவின் முதல் பாதி அவரைக் கண்டு ஓடி ஒளிவதில் போகும், பின்பாதியில் ஒட்டிக்கொள்வாள். ஒட்டிக்கொண்டதும் அவர் பெட்டி கட்டிவிடுவார். அவள் பெரிய மனுஷியான பிறகு அந்தப் பின்பாதியும் இல்லாமல் போயிற்று. அத்தாவும் மகளும் எதைப் பேசுவதானாலும் அம்மா ஜன்னத் பீவி வழியாகத்தான் பேசினார்கள். ஒரே கூடத்தில் இருந்துகொண்டு, "அத்தாவுக்கு டீ வேணுமான்னு கேளும்மா" என்பாள் ஹாஃபிஸா. "வேணும்னு சொல்லு" என்பார் அத்தா. நடுவில் மாட்டிக்கொண்ட ஜன்னத் பீவிக்கு எரிச்சலாக வரும்.

அவள் பிளஸ் டூ முடித்த வருஷம் அத்தா மொத்தமாக ஊர் திரும்பினார். மன்னார்குடியில் பிளாஸ்டிக் குழாயும் மோட்டாரும் விற்கிற கடை வைத்தார். ஆற்றில் தண்ணீர் சரியாக வராத வருஷங்கள். ஆளாளுக்கு வயலில் போர் போட்டார்கள், கடை நன்றாகவே ஓடியது.

மகள் நர்சிங் படிக்கப்போகிறாள் என்றதும் அம்மாவின் அண்ணன் ஜெகபர் அலி மாமா வீட்டுக்கே வந்து குதித்தார். "கண்ட ஆம்பளையோட கையத் தொட்டு, காலத் தொட்டு... நம்ம புள்ளைக்கு இந்தப் படிப்பு எதுக்கு மச்சான்? டீச்சருக்குப் படிக்கட்டும்."

அத்தா யாரையும் எதிர்த்துப் பேசாதவர். அன்றைக்குப் பேசினார். "தமாம்ல காய்ச்சல்ல கெடந்தப்ப என் நெத்தியில கை வச்சுப் பாத்தது ஒரு மலையாளத்துப் பொண்ணு, ஜெகபர். ஊரு பேரு தெரியாத அந்தப் புள்ள கைய வைக்கலைன்னா நான் இங்க வந்து உக்காந்திருக்க மாட்டேன். எம்மவ படிக்கட்டும்."

அடுத்த அறையில் இருந்து ஹாஃபிஸா கேட்டாள். அத்தா தனக்காக ஒரு வார்த்தை பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் வருஷ லீவுக்குப் பிரஷர் பார்க்கிற கருவியோடு வீட்டுக்குப் போனாள். சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். அத்தா முதல் ஆளாக நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார். அவளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. வார்டில் எத்தனையோ ஆண்களின் கையைப் பிடித்தவள்தான். பெற்ற தகப்பன் கையைத் தொடத்தான் விரல் தயங்கியது. கல் அறுத்த கை, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. மணிக்கட்டைப் பிடித்து, பாதி நிமிஷம் எண்ணி இரட்டிப்பாக்கிக்கொண்டு, சுட்டது போலக் கையை விட்டாள்.

"நார்மல்" என்றாள், மாமாவைப் பார்த்து.

"எல்லாமா?" என்று மாமா குறுக்கு விசாரணை செய்தார்.

"எல்லாமே நார்மல், மாமா."

அத்தாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. அவள் லீவுக்கு வந்து பையைக் கீழே வைப்பதற்குள் அத்தா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மாவை நடுவில் வைத்தே பேசிப் பழகியவர், அதை மட்டும் நேரடியாகக் கேட்பார். "பாக்குறியாம்மா?" அவளும் பார்ப்பாள். பிரஷர், நாடி, நார்மல். கையை விட்ட பிறகும் அத்தா கையை உடனே எடுத்துக்கொள்ள மாட்டார், நாற்காலிப் பிடியில் அப்படியே வைத்திருப்பார். வயசானால் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் கருவியைப் பெட்டியில் வைத்து மூடுவாள். நெஞ்சு என்று ஒன்று அந்தச் சட்டைக்குள் ஏறி இறங்குவதை அவள் ஒருநாளும் பார்க்கவில்லை. பாவி, பார்த்திருக்கலாம்.

நான்காம் வருஷம் ஒருநாள் வீட்டுக்குப் போனபோது அத்தா நாற்காலியில் உட்கார்ந்து தொழுதுகொண்டிருந்தார்.

"மூட்டு வலியாம். நெத்தி தரையில பட ஸஜ்தா செய்ய முடியலையாம்" என்றாள் ஜன்னத் பீவி. "பள்ளிவாசலுக்குப் போறப்பவும் வாய்க்கா மதகுல உக்காந்து உக்காந்துதான் போறாரு. தலகாணி ஒண்ணு போதும்னு இருந்த மனுஷன், இப்ப மூணு கேக்குறாரு. டாக்டர்கிட்ட போங்கன்னா, வீட்டுலயே நர்சு இருக்கா, அவதான் நார்மல்னு சொல்லிட்டாளே, எவன் எனக்கு அதுக்கு மேல சொல்லப் போறாங்குறாரு."

படுத்தால் மூச்சு முட்டும், தலையணையை அடுக்கி உட்கார்ந்தால் அடங்கும். அதற்குப் பாடத்தில் ஒரு பெயர் உண்டு. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு ஹாஃபிஸா முழு மார்க் வாங்கியிருந்தாள். ஆனால் அன்றைக்கு அம்மா சொன்னது அவள் காதில் மூட்டு வலியாகத்தான் விழுந்தது. அத்தா சட்டைக் கையைச் சுருட்டிக் காத்திருந்தார். அவளுக்கு அன்றைக்கே திரும்புகிற பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

"நார்மல்த்தா. மூட்டுக்கு எண்ணெய் தேய்ங்க."

ஐப்பசி மழையில் அத்தாவுக்குச் சளி பிடித்துக் காய்ச்சலானது. கல்லூரி ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கல்லுத் தூசி. ரெண்டு பக்கமும் ரொம்பப் பழைய சேதம். அதுக்கு மேல இப்ப நிமோனியா. எத்தனை நாளா இவருக்கு மூச்சு வாங்குது?"

ஜன்னத் பீவி மகளைப் பார்த்தாள். டாக்டர் மகளின் யூனிஃபார்மைப் பார்த்தார்.

"முன்னாடியே வந்திருந்தாலும் முழுசா சரியாக்க முடியாதும்மா" என்று குரலைத் தணித்துக்கொண்டார். "ஆனா இந்தக் காய்ச்சலத் தாங்குற அளவுக்கு வச்சிருந்திருக்கலாம்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ஹாஃபிஸாவுக்கு.

மறுநாள் சாயங்காலம் ஆஷிகா கட்டிலுக்கு வந்தாள். அவள் இப்போது மூன்றாம் வருஷம், கை பழகியிருந்தது. தெர்மாமீட்டர் வைத்தாள், அத்தாவின் நாடியைப் பார்த்தாள், கையை விட்டாள், அட்டையில் எழுதினாள்.

"காய்ச்சல் கொஞ்சம் எறங்கியிருக்குக்கா. நாடி நூத்திப் பத்து."

"மூச்சு?"

"இருபதுக்கா."

ஆக்ஸிஜன் முகமூடிக்குள் அத்தாவின் வாய் திறந்து கிடந்தது. கழுத்தடிக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது. இரண்டு எட்டு தள்ளி நின்று பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஹாஃபிஸாவுக்கு அந்தப் பெண்ணை நாலு அறை அறைய வேண்டும் போல இருந்தது. ஆஷிகா கள்ளம் இல்லாமல் நின்றாள். சொல்லிக்கொடுத்தபடி செய்தவளிடம் கள்ளம் எங்கிருந்து வரும்? யாரை அறைவது?

"நீ போ ஆஷிகா. இவர நான் பாத்துக்குறேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அத்தாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடியை ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினாள். பிறகு கையை விடவில்லை. கண்ணை மட்டும் நெஞ்சுக்கு நகர்த்தினாள். ஏறியது, இறங்கியது. ஒன்று, இரண்டு. நிமிஷம் பாதி ஓடுவதற்குள் எண்ணிக்கை இருபதைத் தாண்டியிருந்தது. இத்தனை வருஷமும் இது இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்ததா என்று நினைத்தபோது எண்ணுகிற எண் நழுவிப்போனது.

அத்தா கண் திறந்தார். முகமூடியை லேசாக விலக்கினார். பேச்சு துண்டு துண்டாகத்தான் வந்தது.

"நாடி... பாக்குறியாம்மா?"

"ஆமாத்தா. பேசாம இருங்க."

அவர் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எப்பவும்... வெடுக்குன்னு விட்டுருவ" என்றார். "இன்னைக்கித்தான்... புடிச்சிருக்க."

பிரஷருக்காக இத்தனை வருஷம் அத்தா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்காரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிடித்த கையை அவள் விடவேயில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்த ஜன்னத் பீவி இருவரையும் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

அந்த வாரமே அத்தா மௌத்தானார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் நிறைந்த கூடத்தில் ஜெகபர் அலி மாமா ஹாஃபிஸாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கண் சிவந்திருந்தது அவருக்கு.

"குடுத்து வச்ச மனுஷன். பெத்த புள்ளை கையைப் புடிச்சிருக்க, நிம்மதியா போய்ச் சேந்தாரு. நாந்தான் கூறு கெட்டத்தனமா இந்தப் படிப்பு வேணாம்னேன். நீ இத்தனை வருஷமும் பாத்துக்கிட்டதாலதான் அவரு இவ்வளவு நாள் இருந்தாரு."

இல்லை மாமா, நான் பார்க்கவேயில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். கூடமே அவளைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவும் பார்த்தாள். அம்மாவின் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் அவள் வாயை அடைத்தது.

மாமா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு மணிக்கட்டை நீட்டினார். "எனக்கும் கொஞ்சம் பாரும்மா. ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருக்கு."

ஹாஃபிஸா பிடித்தாள். நாடி எண்ணி முடிந்தது. கையை விடவில்லை.

"என்னம்மா, இன்னுமா?" என்றார் மாமா.

"நாடிதான் மாமா. பேசாம இருங்க."

மாமாவின் வெள்ளைச் சட்டைப் பொத்தான் ஏறி இறங்கியது. ஐந்தோ ஆறோ வரைக்கும்தான் எண்ண முடிந்தது. அதற்குள் கண்ணில் தண்ணீர் முட்டிப் பொத்தான் மறைந்துபோனது. புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.