சீர்வரிசைக் கார்

“அம்மா, நாம எங்க போனாலும் அப்பாவுக்கு எப்படித் தெரியுது?”

இந்துப்ரியாவின் சித்தி வீட்டு வாசலில் அவள் கணவன் கிரிதரன் தெருவே கூடும்படி ஏசி, அவளையும் மகளையும் இழுத்துப்போன நாளில் காவ்யஸ்ரீ அப்படிக் கேட்டாள். போன்தான் காட்டிக்கொடுத்தது என்று இந்துப்ரியா நினைத்தாள்.

அதனால் மறுபடி அடி பொறுக்காமல் மகளோடு கிளம்பியபோது போனை வீட்டிலேயே விட்டாள். காரை எடுத்துக்கொண்டாள். கல்யாணத்தில் தன் அப்பா சீராகக் கொடுத்தது, தன்னுடையது என்று நம்பினாள்.

திருவாதவூரில் கல்லூரித் தோழி சத்யப்ரியா சேர்த்துக்கொண்டாள். “எம்புட்டு நாளானாலும் இருடி. எங்க வீட்டுக்காரரு கேட்டா, நெல்லுக் காவலுக்கு ஆள் வச்சிருக்கேன்னு சொல்லிக்கிறேன்” என்று சிரித்தபடி சோறு போட்டாள்.

மறுநாள் மதியம் சத்யப்ரியா வயலுக்குப் போயிருந்தாள். காரை நிழலுக்கு நகர்த்த இந்து அதை இயக்கியதும் திரையில் எழுத்து வந்தது: ‘கோரியபடி, கார் இருக்கும் இடம் கிரிதரனின் போனுக்கு அனுப்பப்பட்டது.’ புதுக் காரின் சக்கரத்தடியில் அவள் எலுமிச்சம்பழம் வைத்த நேரத்தில், அவன் அதைத் தன் போனோடு இணைத்திருக்கிறான்.

அன்று அவன் ஏசிய ஏச்சில் சித்தி இன்றும் அந்தத் தெருவில் தலைகுனிந்தே நடக்கிறாள். இந்துவுக்குப் போக வேறு வாசலும் இல்லை. மீனாட்சியம்மனை நினைத்துக்கொண்டு, தூங்கும் மகளைப் பின் இருக்கையில் கிடத்தினாள். அவன் இந்த ஊருக்கு வந்து சேருமுன், ஆனையூரில் அவன் வீட்டுக்கே காரைத் திருப்பினாள். சோறு போட்டவளுக்கு அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அவள் கிளம்புவதைத் தெருவில் பார்க்க ஒருவரும் இல்லை.