கான்ஸ்டான்டிநோபிளில் அணையாத விளக்கு

நகரம் விழுந்த பிறகும் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு அணையவில்லை.

வளைகுடாவில், அல் கூஸ் பகுதிப் பட்டறை ஒன்றில், அருங்காட்சியகத்துக்காகக் கான்ஸ்டான்டிநோபிளின் மாதிரி தயாராகியிருந்தது. பொத்தானை அழுத்தினால் பீரங்கி முழங்கும். துறைமுக வாயிலில் சங்கிலி கட்டியிருப்பதால், துருக்கியரின் கப்பல்கள் குன்றின்மேல் ஏறி மறுபக்கம் இறங்கும். மதில் சிவக்கும். பிறகு தெருத்தெருவாக வீடுகள் இருளும். மதிலோரத்து அந்த வீட்டைத் தவிர.

எலக்ட்ரீஷியன் கார்மேகம் குன்றிமணி அளவிலான அந்த விளக்கை மாற்றினான். வயரையும் மாற்றினான். மங்கலாக எரிந்துகொண்டேயிருந்தது.

"சுல்தானோட பீரங்கிக்கே அடங்காத வீடு, உன் ஸ்க்ரூடிரைவருக்கா அடங்கும்?" என்றார் சூப்பர்வைசர் சித்தீக்.

கார்மேகம் சிரிக்கவில்லை. குவைத்தில், ஃபஹாஹீலில் வேலைபார்த்த அவன் அண்ணன் வீரபாண்டி போன வாரம் சைட்டில் இறந்துபோனான். உடல் நாளைக் காலை திருச்சிக்கு வருகிறது. வாங்கிக்கொள்ள அண்ணி நாகவள்ளியைத் தவிர யாருமில்லை.

"ராத்திரி ஃபிளைட்டப் பிடிக்கணும் பாய். அண்ணி ஒத்தையா நின்னு பெட்டிய வாங்கக் கூடாது."

சித்தீக்கின் குரல் இறங்கியது. "தெரியாதா தம்பி எனக்கு? மியூசியம்காரங்க சாயங்காலம் வாராங்க. அவங்க ஓகே சொல்லாம முதலாளி லீவு தரமாட்டாரு. சர்க்யூட் கார்டையே மாத்திரலாமா?"

"ஸ்டாக் மாஃபி பாய், தீந்துபோச்சு. வர ஒரு வாரமாகும்."

போன் அதிர்ந்தது. அண்ணி. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவன் கார்டின் பக்கம் குனிந்தான்.

விளக்குகளை அணைப்பது அந்த கார்டுதான். அது வீட்டுச் சுவிட்சைப்போல இணைப்பை முழுக்கத் துண்டிப்பதில்லை. அணைத்த பின்னும் துளி மின்சாரம் கசியும். இந்த வீட்டுக்கான இணைப்பில் கசிவு கொஞ்சம் அதிகம். பழைய குண்டு பல்புக்கு அது உறைத்திருக்காது. எல்இடிக்கு அந்தத் துளியே போதும்.

கசிவை நிறுத்த வழியில்லை. நிறுத்தத்தான் வேண்டுமா? விளக்குக்குள் போகாமல் வேறு பக்கம் போனால் போதாதா?

சால்டரிங் அயர்னைச் சூடாக்கினான். வேலை முடிந்ததும் பொத்தானை அழுத்தினான். பீரங்கி, கப்பல்கள், மதில், தெருக்கள். கடைசி வீடும் இருண்டது.

"கலாஸ், முடிஞ்சது. இனி அவங்க கிட்ட நான் பேசிக்கிறேன், நீ ரூமுக்குப் போய்ப் பையை எடு," என்றார் சித்தீக். "என்னதான் பண்ணுன?"

"விளக்கோட ரெண்டு காலுக்கும் குறுக்க ஒரு ரெசிஸ்டர் வச்சேன் பாய். கசியிற கரண்ட் அது வழியாப் போயிரும். விளக்கு எரியிற அளவுக்கு வோல்டேஜ் ஏறாது."